பெயர்களில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து, அடிக்கோடு: கோ, போஸ்ட்கிரெஸ், ஜேசன் மூன்றும் சந்திக்கும் இடத்தில் எந்தப் பாணி?

#1 நெய்தல்

வணக்கம். பின்பக்கம் கோ மொழி, தரவுத்தளம் போஸ்ட்கிரெஸ், முன்பக்கம் டைப்ஸ்கிரிப்ட்டும் ரியாக்ட்டும். பழைய ஜாவா சேவை ஒன்றும், நிரல்கள் பேசிக்கொள்ளும் வாயிலான இதே ஏபிஐ-யைக் கூப்பிடும். தரவு போய்வருவது ஜேசன் என்ற உரை வடிவில். குழுவில் ஆளுக்கொரு பாணியில் பெயர் வைக்கிறார்கள். "டேபிள், காலம் (column, டேபிளின் நெடுவரிசை), ஜேசன் கீ, கோ ஃபீல்டு எல்லாமே கேமல் கேஸ், ஒரே விதி, குழப்பம் இல்லை" என்று ஒரு பரிந்துரை வந்திருக்கிறது. இது தாங்குமா? தாங்காது என்றால் எந்த இடத்தில் உடையும்?

தமிழில் பெரிய எழுத்தைக் காட்ட வழியில்லாததால் இந்த இழைக்கு ஒரு குறி வைத்துக்கொள்வோம். சொல்லுக்கு முன் ^ இருந்தால் அதன் முதலெழுத்து மட்டும் பெரியது. ^^ இருந்தால் சொல் முழுக்கப் பெரியது. யூசர்^நேம் என்றால் கேமல், ^யூசர்^நேம் என்றால் பாஸ்கல், யூசர்_நேம் என்றால் ஸ்னேக், யூசர்-நேம் என்றால் கெபாப்.

#2 கல்தச்சன்

முதல் நாளே கோ மொழியில் உடையும். கோவில் ஒரு பெயரின் முதலெழுத்துதான் அதன் அணுகல் உரிமை. பெரிய எழுத்தில் தொடங்கினால் பேக்கேஜுக்கு வெளியே தெரியும், இல்லையென்றால் தெரியாது. பப்ளிக், பிரைவேட் என்று தனிச் சொல்லே அந்த மொழியில் கிடையாது.

இப்போது ஸ்ட்ரக்ட் (தரவுத் தொகுப்பு) ஒன்றின் ஃபீல்டுக்கு யூசர்^நேம் என்று கேமலில் பெயர் வைத்து ஜேசனாக்குங்கள். ஜேசன் நூலகம் வேறு பேக்கேஜ். அதன் கண்ணுக்கு அந்த ஃபீல்டு இல்லை. பிழைச்செய்தி எதுவும் வராது, வெறும் அடைப்புக்குறி இரண்டு மட்டும் வெளியே வரும். ஜேசன் டேக் (ஃபீல்டின் அருகே எழுதும் வெளிப்பெயர்க் குறிப்பு) எழுதியிருந்தாலும் பயனில்லை, டேக்கைப் பார்க்கும் முன்பே ஃபீல்டைத் தாண்டிவிடும். "ஜேசன் டேக் இருக்கிறது, ஆனால் ஃபீல்டு வெளியே தெரியாதது" என்று கோவின் பிழைநோக்கும் கருவியான கோ வெட் எச்சரிக்கும். ஆனால் கோ டெஸ்ட் தானாக ஓட்டும் வெட் சோதனைகளில் இது சேராது. சிஐ-யில் (தானியங்கிச் சோதனை ஓட்டத்தில்) கோ வெட்டைத் தனிப் படியாக வையுங்கள்.

டேக் இல்லாமல் விட்டால் என்ன ஆகும் என்பதும் நூலகத்துக்கு நூலகம் மாறும். ^யூசர்^^ஐடி என்ற ஃபீல்டை ஜேசன் நூலகம் அப்படியே வெளியிடும். யாமல் நூலகம் முழுவதையும் சிறிதாக்கி யூசர்ஐடி என்று எழுதும். தரவுத்தள நூலகமான எஸ்கியூஎல்எக்ஸும் அதே போலச் சிறிதாக்கித்தான் காலத்தைத் தேடும். காலத்தின் பெயர் யூசர்_ஐடி என்றால் பொருந்தாது, "இறங்கும் இடம் இல்லை" என்று நிற்கும். ஜேசனைப் படிக்கும்போது பெரிய சிறிய எழுத்து வேறுபாட்டை நூலகம் மன்னித்துவிடும், அடிக்கோட்டை மன்னிக்காது. ஆகவே கோவில் என் விதி ஒன்றுதான்: வெளியே போகிற ஒவ்வொரு ஃபீல்டுக்கும் டேக் கையால் எழுதப்பட வேண்டும். கோ பெயர் கோவின் மரபில், வெளிப்பெயர் டேக்கில்.

#3 மாமரம்

தரவுத்தளப் பக்கத்தை நான் சொல்கிறேன். போஸ்ட்கிரெஸில் கேமல் காலம் வைக்காதீர்கள்.

மேற்கோள் இல்லாமல் எழுதப்பட்ட பெயரை போஸ்ட்கிரெஸ் முழுக்கச் சிறிய எழுத்தாக்கிவிடும். எஸ்கியூஎல் தரம் பெரிய எழுத்தாக்கச் சொல்கிறது, ஆரக்கிள் அதைப் பின்பற்றுகிறது, போஸ்ட்கிரெஸ் நேர் எதிர். நீங்கள் கையால் யூசர்^நேம் என்று டேபிள் உருவாக்கினால் உள்ளே யூசர்நேம் என்றுதான் பதியும். அதுகூடப் பரவாயில்லை, வினவும்போதும் சிறிதாகும், பொருந்திவிடும். சிக்கல் ஓஆர்எம் (நிரலிலிருந்து எஸ்கியூஎல்லைத் தானாக எழுதும் நூலகம்) உருவாக்கும்போது. அது இரட்டை மேற்கோளுக்குள் வைத்து உருவாக்கும், பெரிய எழுத்து அப்படியே பதியும். அதன்பின் ஒருவர் போஸ்ட்கிரெஸின் கட்டளைக் கருவியான பிஎஸ்கியூஎல்லில் மேற்கோள் இல்லாமல் வினவினால் "அப்படி ஒரு காலம் இல்லை" என்று வரும். காலம் கண்முன்னே இருக்கும். அறிக்கை எழுதுபவர், பேக்கப் ஸ்கிரிப்ட் எழுதுபவர், டாஷ்போர்டு அமைப்பவர் எல்லோரும் அந்த டேபிளின் ஆயுள் முழுக்க மேற்கோள் போட வேண்டும்.

ஆகவே டேபிள், காலம், இண்டெக்ஸ், கன்ஸ்ட்ரெயிண்ட் (கட்டுப்பாட்டு விதி) எல்லாம் சிறிய எழுத்து, அடிக்கோடு. யூசர், ஆர்டர் போன்ற ஒதுக்கப்பட்ட சொற்களைத் தனியாக டேபிள் பெயராக வைக்காதீர்கள், அங்கேயும் மேற்கோள் கட்டாயமாகிவிடும்.

நீளமும் கவனம். போஸ்ட்கிரெஸ் பெயருக்கு 63 பைட்தான் எல்லை. மிஞ்சினால் வெட்டிவிட்டு ஓர் அறிவிப்பு மட்டும் தரும். டேபிள் பெயர், காலம் பெயர், எஃப்கே (ஃபாரின் கீ) என்று ஒட்டிக்கொண்டே போகும் தானியங்கிக் கன்ஸ்ட்ரெயிண்ட் பெயர்கள் இந்த எல்லையில் முட்டும்.

யாராவது மைஎஸ்கியூஎல்லுக்கு மாறுவதாக இருந்தால்: அங்கே காலம் பெயரில் எழுத்து வேறுபாடு எந்த இயங்குதளத்திலும் பார்க்கப்படாது. டேபிள் பெயர் மட்டும் இயங்குதளத்தைப் பொறுத்தது. லோயர்_கேஸ்_டேபிள்_நேம்ஸ் என்ற அமைப்பு லினக்ஸில் 0, விண்டோஸில் 1, மேக்கில் 2. மேக்கில் ஓடிய வினவல் லினக்ஸ் சர்வரில் "டேபிள் இல்லை" என்று நிற்பது இதனால்தான். 8.0 பதிப்பில் தரவு அடைவை உருவாக்கும் தருணத்தில் மட்டுமே இதை அமைக்க முடியும். சிறிய எழுத்து டேபிள் பெயர் என்றால் இந்தப் பேச்சுக்கே இடமில்லை.

#4 நெய்தல்

நன்றி, இருவருக்கும். அப்படியானால் கோவுக்கு ஒன்று, டிபிக்கு ஒன்று. ஜேசனுக்கு எது? ஐடி, யூஆர்எல், எச்டிடிபி போன்ற சுருக்கப் பெயர்களிலும் தகராறு. ^யூசர்^^ஐடி என்கிறார் ஒருவர், ^யூசர்^ஐடி என்கிறார் இன்னொருவர்.

#5 இளவேனில்

இரண்டு பேரும் சரிதான். எந்த மொழி என்பதைச் சொல்லாமல் பேசுகிறார்கள், அவ்வளவுதான்.

கோவில் சுருக்கப் பெயர் முழுக்கப் பெரியது அல்லது முழுக்கச் சிறியது. ^யூசர்^^ஐடி சரி, ^சர்வ்^^எச்டிடிபி சரி, வெளியே தெரியாத பெயரின் தொடக்கத்தில் வந்தால் யூஆர்எல் முழுக்கச் சிறியது. ^யூஆர்எல் என்று முதலெழுத்து மட்டும் பெரிதாக எழுதுவது கோவில் தவறு.

டாட்நெட்டில் எழுத்து எண்ணிக்கை பார்ப்பார்கள். ஐஓ போன்ற இரண்டெழுத்துச் சுருக்கம் இரண்டும் பெரியது, எக்ஸ்எம்எல் போல மூன்றும் அதற்கு மேலும் என்றால் முதலெழுத்து மட்டும். ஆனால் ஐடி என்பதை அவர்கள் முதலெழுத்துகளின் சேர்க்கையாகக் கொள்வதில்லை, ஒரு சொல்லின் குறுக்கமாகக் கொள்கிறார்கள். ஆகவே அங்கே ^ஐடிதான். கூகுளின் ஜாவா நடைக் கையேடு எல்லாச் சுருக்கத்தையும் சாதாரணச் சொல்லாகவே கொள்ளச் சொல்கிறது. பைத்தானின் நடைக் கையேடான பெப் 8 பாஸ்கல் பெயருக்குள் சுருக்கத்தை முழுக்கப் பெரிதாக்கச் சொல்கிறது.

இது அழகு பற்றிய சண்டை என்று நினைத்து விட்டுவிடாதீர்கள். பெயரைத் தானாக மாற்றும் நிரல் ஒன்று நடுவில் வந்ததும் உண்மையான பிழையாகிவிடும். ஒவ்வொரு பெரிய எழுத்துக்கு முன்னும் அடிக்கோடு போடும் எளிய மாற்றியிடம் ^யூசர்^^ஐடி கொடுத்தால் யூசர்_ஐ_டி என்று திரும்பும். இதைத் தவிர்க்கப் பரவலாக இரண்டு சுற்று ரெஜெக்ஸ் (உரையில் வடிவம் தேடும் விதி) எழுதுவார்கள். முதல் சுற்றில், ஒரு பெரிய எழுத்தும் தொடர்ந்து சிறிய எழுத்துகளும் வருமிடத்தில் அந்தப் பெரிய எழுத்துக்கு முன் அடிக்கோடு. இரண்டாம் சுற்றில், சிறிய எழுத்தோ இலக்கமோ முடிந்து பெரிய எழுத்து தொடங்குமிடத்தில் அடிக்கோடு. பிறகு எல்லாவற்றையும் சிறிதாக்கு. ^^எச்டிடிபி^சர்வர்^^ஐடி இதில் ஒழுங்காக எச்டிடிபி_சர்வர்_ஐடி ஆகும்.

ஆனால் ஐடிக்குப் பன்மை போட்டு, கடைசி எஸ் மட்டும் சிறிய எழுத்தாக எழுதினால் இதே இரண்டு சுற்றும் தோற்கும். டி-யும் எஸ்-ஸும் சேர்ந்து ஒரு புதுச் சொல் போல ரெஜெக்ஸுக்குத் தெரியும். யூசர்_ஐ_டிஎஸ் என்று வரும். இலக்கத்திலும் ஓட்டை உண்டு. அட்ரஸ்_1 என்பதைக் கேமலாக்கினால் அட்ரஸ்1. திரும்ப ஸ்னேக்காக்கினால் அட்ரஸ்1 தான் கிடைக்கும், அடிக்கோடு போனது போனதுதான். போன வழியே திரும்ப முடியாத மாற்றம் இது. மாற்றி எழுதினால் இந்த மூன்று பெயரையும் டெஸ்டில் கட்டாயம் வையுங்கள்.

ஜாவா சேவை இருக்கிறதே, அதன் ஜேசன் நூலகமான ஜாக்சன் பற்றி ஒரு வார்த்தை. கெட்டர் (மதிப்பை எடுத்துத் தரும் மெதட்) பெயரிலிருந்து அது ஜேசன் கீயை ஊகிக்கும், தொடக்கத்தில் வரிசையாக நிற்கும் பெரிய எழுத்துகளை எல்லாம் சிறிதாக்கும். கெட்^^யூஆர்எல் என்பது யூஆர்எல் என்று சிறிய எழுத்தில் வரும், அது பரவாயில்லை. எக்ஸ்^ஆக்சிஸ் என்ற ஃபீல்டின் கெட்டர் கெட்^எக்ஸ்^ஆக்சிஸ். அதில் எக்ஸும் ஆக்சிஸின் முதலெழுத்தும் அடுத்தடுத்துப் பெரிதாக நிற்பதால் இரண்டும் சிறிதாகி எக்ஸ்ஆக்சிஸ் ஆகிவிடும். முன்பக்கம் எக்ஸ்^ஆக்சிஸ் என்று தேடினால் கிடைக்காது. இஸ்^ஆக்டிவ் என்ற பூலியன் கெட்டர் வெறும் ஆக்டிவ் ஆகும். இங்கேயும் தீர்வு கோவில் சொன்னதேதான்: ^ஜேசன்^ப்ராப்பர்ட்டி அனோட்டேஷனில் பெயரைக் கையால் எழுதுங்கள்.

#6 செம்பருத்தி

ஜேசன் கீ கேமலாக இருக்கட்டும் என்பது என் கட்சி. அதைப் படிப்பது டைப்ஸ்கிரிப்ட். ஸ்னேக்கில் அனுப்பினால் ஒவ்வொரு ஆப்ஜெக்டையும் முன்பக்கத்தில் உருமாற்ற வேண்டும், இல்லையென்றால் நிரல் முழுக்க இரண்டு பாணி கலந்து கிடக்கும், பாணியைச் சோதிக்கும் ஈஎஸ்லின்ட்டின் கேமல்கேஸ் விதி வரிக்கு வரி கத்தும். புரோட்டோபஃப் (கூகுளின் தரவு வடிவம்) வழக்கமும் இதற்கு ஒத்துவரும். அங்கே புரோட்டோ கோப்பில் ஃபீல்டு ஸ்னேக், ஜேசனாகும்போது இயல்பாகவே கேமல்.

ஜேசனைத் தாண்டி வேறு எல்லைகளும் இருக்கின்றன, அவற்றில்தான் சத்தமில்லாமல் உடையும்.

எச்டிடிபி ஹெடர் பெயரில் அடிக்கோடு வைக்காதீர்கள். நடுவில் நிற்கும் வலைச் சர்வரான என்ஜின்எக்ஸ் இயல்புநிலையில் அடிக்கோடு உள்ள ஹெடரைத் தூக்கி எறிந்துவிடும். உங்கள் கணினியில் நேராக கோ சேவையைக் கூப்பிடும்போது வரும், சர்வரில் என்ஜின்எக்ஸ் வழியாகப் போனால் வராது. ஹைபன் மட்டும். ஹெடர் பெயரில் எழுத்து வேறுபாடு கிடையாது, எச்டிடிபி 2-இல் எல்லாமே சிறிய எழுத்தாகத்தான் போகும். கோ அதைப் பெற்றதும் ஒவ்வொரு சொல்லின் முதலெழுத்தையும் பெரிதாக்கி மேப்பில் வைக்கும். எக்ஸ்-ரிக்வெஸ்ட்-ஐடி வந்தால் மேப்பில் ^எக்ஸ்-^ரிக்வெஸ்ட்-^ஐடி. கோ பழக்கத்தில் கடைசியை ^^ஐடி என்று எழுதி மேப்பை நேராகத் தொட்டால் காலிதான். ^கெட் மெதட் வழியாக எடுங்கள், அது தானே சரிசெய்துகொள்ளும்.

கோப்புப் பெயர்: விண்டோஸும் மேக்கும் இயல்பாக எழுத்து வேறுபாடு பார்ப்பதில்லை, லினக்ஸ் பார்க்கும். ^பட்டன் என்ற கோப்பைச் சிறிய எழுத்தில் இம்போர்ட் செய்தால் மேக்கில் ஓடும், சிஐ-யில் "மாட்யூல் இல்லை". டைப்ஸ்கிரிப்ட்டில் கோப்புப் பெயர் எழுத்து ஒத்திருக்க வேண்டும் என்ற அமைப்பு 5.0-விலிருந்து இயல்பாகவே செயலில் இருக்கிறது, யாரும் அணைக்காமல் பாருங்கள். பெயரில் எழுத்தை மட்டும் மாற்றும்போது கிட் எம்வி கொண்டு இரண்டு படியாகச் செய்யுங்கள்: முதலில் வேறொரு தற்காலிகப் பெயர், பிறகு சரியான பெயர். ஃபைண்டரில் மாற்றினால் கிட் அந்த மாற்றத்தைக் கவனிக்காமலே விட்டுவிடக்கூடும்.

ரியாக்ட்டில் கம்போனென்ட் பெயர் பெரிய எழுத்தில் தொடங்கியே ஆக வேண்டும். சிறிய எழுத்தில் தொடங்கினால் ஜேஎஸ்எக்ஸ் அதை எச்டிஎம்எல் டேக் என்று எடுத்துக்கொள்ளும், உங்கள் பங்ஷன் கூப்பிடப்படவே மாட்டாது.

என்விரான்மென்ட் மாறிகள் முழுப் பெரிய எழுத்து, அடிக்கோடு. ஹைபன் வைத்தால் ஷெல் எக்ஸ்போர்ட் செய்ய மறுக்கும். சேவைகளைச் சர்வர்களில் ஓட்டி நிர்வகிக்கும் குபர்நெட்டிஸில் சர்வீஸ் பெயர் இதற்கு எதிர்: சிறிய எழுத்து, ஹைபன், 63 எழுத்துக்குள். அடிக்கோடு அங்கே செல்லாது.

#7 மாமரம்

செம்பருத்தி சொன்னதில் ஜேசன் பற்றி மட்டும் எனக்கு மாற்றுக் கருத்து. போஸ்ட்கிரெஸிலேயே ஜேசனாக்கி அப்படியே அனுப்பும் எண்ட்பாயிண்ட் இருந்தால் கீ எல்லாம் காலம் பெயரில், அதாவது ஸ்னேக்கில்தான் வரும். அந்த ஏபிஐ-யைப் பைத்தானிலோ ரூபியிலோ இருந்து கூப்பிடுபவர்களுக்கும் ஸ்னேக் வசதி. வெளியார் பயன்படுத்தும் ஏபிஐ என்றால் யார் அதிகம் கூப்பிடுகிறார்கள் என்று பார்த்து முடிவு செய்ய வேண்டும்.

#8 செம்பருத்தி

ஏற்கிறேன். நெய்தல் சொன்னதில் கூப்பிடுவது டைப்ஸ்கிரிப்ட்டும் ஜாவாவும், இரண்டும் கேமல் மொழிகள். அதனால்தான் கேமல் என்றேன். டிபியிலிருந்து நேராக ஜேசன் எடுக்கும் வினவல் இருந்தால் அங்கே மேற்கோளோடு கேமல் அலியாஸ் கொடுத்துவிடலாம். காலம் பெயரைத் தொட வேண்டியதில்லை.

#9 வைகைக்கரை

கோ மட்டும்தான் எழுத்தைப் படிக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். பாணி மரபாக இருக்கும் மொழிகள் ஒரு வகை, இலக்கணமாக இருக்கும் மொழிகள் இன்னொரு வகை. பைத்தானில் கிளாஸைச் சிறிய எழுத்தில் எழுதினால் லின்ட்டர் முணுமுணுக்கும், நிரல் ஓடும். ரூபியில் பெரிய எழுத்தில் தொடங்கினாலே அது மாறிலி. மெதடுக்குள் அதற்கு மதிப்பு கொடுக்கப் போனால் தொடரியல் பிழை. புரோலாக், எர்லாங் இரண்டிலும் பெரிய எழுத்திலோ அடிக்கோட்டிலோ தொடங்குவது மாறி, சிறிய எழுத்தில் தொடங்குவது ஆட்டம் (atom, தன்னையே குறிக்கும் மாறாத பெயர்). ஹாஸ்கெல், ஓகேமல் இரண்டிலும் கன்ஸ்ட்ரக்டருக்குப் பெரிய எழுத்து கட்டாயம்.

மிக ஆபத்தானது பேட்டர்ன் மேட்ச், அதாவது ஒரு மதிப்பைப் பல வடிவங்களோடு வரிசையாக ஒப்பிடுவது. ஸ்காலாவில் கேஸ் வரியில் சிறிய எழுத்தில் ஒரு பெயர் வந்தால், அந்தப் பெயரில் ஏற்கெனவே இருக்கும் மதிப்போடு ஒப்பிடாது. அதே பெயரில் புதிய மாறி ஒன்றை உண்டாக்கி, வருகிற எதையும் அதில் போட்டுக்கொள்ளும். எல்லா உள்ளீடும் முதல் கேஸிலேயே விழும். ஒப்பிட வேண்டுமென்றால் பெயர் பெரிய எழுத்தில் தொடங்க வேண்டும், அல்லது பின்சாய்வு மேற்கோளுக்குள் (`) இருக்க வேண்டும்.

ரஸ்ட்டிலும் அடிப்படை இதே ஆபத்துதான். ஈனம் (enum, குறித்த சில மதிப்புகள் மட்டும் கொண்ட டைப்) வேரியண்டை அதன் ஈனம் பெயரைச் சேர்க்காமல் எழுதினால் புதிய மாறியாகிவிடும். ஆனால் அங்கே "மாறிப் பெயர் ஸ்னேக் கேஸில் இல்லை", "கீழே உள்ள வரிகளை எட்டவே முடியாது" என்று கம்பைலர் எச்சரிக்கும். ரஸ்ட்டின் பெயர்ப்பாணி எச்சரிக்கையை ஆரம்பத்திலேயே அணைத்துவிடுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அந்த எச்சரிக்கை ஒரு உண்மையான பிழையைக் காட்டிக்கொடுக்கும் கருவி.

சிறு வரலாறு, இதோடு தொடர்புடையது. 1963-இன் ஆஸ்கி அட்டவணையில் சிறிய எழுத்துகளே இல்லை. இன்று அடிக்கோடு இருக்கும் இடத்தில் அப்போது இடப்பக்க அம்புக்குறி இருந்தது. 1967 திருத்தத்தில்தான் அடிக்கோடு அங்கே வந்தது. ஸ்மால்டாக் அந்த அம்பை மதிப்பு கொடுக்கும் குறியாகவே வைத்துக்கொண்டது. பெயருக்குள் அடிக்கோடு போட இடமில்லை, சொற்களைப் பிரிக்கப் பெரிய எழுத்துதான் கிடைத்தது. லிஸ்ப்பில் கழித்தல் குறி பெயருக்குள் வரலாம், அதனால் கெபாப். சி குடும்பத்தில் அதே குறி கழித்தல் ஆகிவிடும், அதனால் கெபாப் செல்லாது. பாணிகள் விசைப்பலகையிலும் இலக்கணத்திலும் எது காலியாக இருந்ததோ அதிலிருந்து பிறந்தவை.

#10 தளிர்

வைகைக்கரை ஐயா, ஒரு சந்தேகம். கல்லூரி இரண்டாம் ஆண்டு. மாறிகளுக்குத் தமிழிலேயே பெயர் வைத்து எழுதிப் பார்க்கிறேன். பைத்தானில் ஓடுகிறது, கோவில் ஓடவில்லை. தமிழில் பெரிய எழுத்து இல்லை என்பதால்தானா?

#11 வைகைக்கரை

தளிர், நல்ல கேள்வி. கோவில் இரண்டு தடைகள் இருக்கின்றன, நீங்கள் முட்டியது அநேகமாக இரண்டாவதில்.

முதல் தடை நீங்கள் சொன்னதுதான். வெளியே தெரிய வேண்டிய பெயர் யூனிகோடில் "பெரிய எழுத்து" என்று வகைப்படுத்தப்பட்ட எழுத்தில் தொடங்க வேண்டும். தமிழ் எழுத்துகள் "பிற எழுத்து" வகை. அதனால் தமிழ்ப் பெயர் எப்போதும் பேக்கேஜுக்குள் மட்டும்தான். முன்னால் ஒரு லத்தீன் பெரிய எழுத்தை ஒட்டினால்தான் வெளியே போகும்.

இரண்டாவது தடை இன்னும் கடுமையானது. கோவின் இலக்கணத்தில் பெயருக்குள் எழுத்து, இலக்கம், அடிக்கோடு மட்டும்தான் வரலாம். நம் புள்ளியும், கால், கொம்பு, சுழி உள்ளிட்ட உயிர்க்குறிகளும் யூனிகோடில் எழுத்து அல்ல, "குறி" வகை. "பெயர்" என்று எழுதினால் ஒற்றைக்கொம்பிலேயே "பெயரில் செல்லாத எழுத்து" என்று கம்பைலர் நிறுத்திவிடும். "பல", "அகல", "உயர" போல உயிரும் அகரமேறிய மெய்யும் மட்டும் கொண்ட சொற்களே தேறும். தமிழில் நிரல் எழுத அது போதாது. இது தமிழுக்கு மட்டும் நேர்ந்ததல்ல, இந்தி, வங்காளம், மலையாளம் எல்லாவற்றுக்கும் இதே நிலைதான்.

பைத்தான் 3, ஜாவா, சி ஷார்ப், ஜாவாஸ்கிரிப்ட், ரஸ்ட் ஆகியவை குறிகளையும் பெயருக்குள் ஏற்கும். பைத்தானில் 2007-இல் வந்த பெப் 3131 இதற்கு வழி செய்தது. ரஸ்ட்டில் 2021-இல் 1.53 பதிப்பில் வந்தது. ரூபியில் தமிழ்ப் பெயரில் மாறியும் மெதடும் எழுதலாம், கிளாஸ் எழுத முடியாது, கிளாஸ் பெயர் மாறிலியாக இருக்க வேண்டும் என்று நின்றுவிடும். ஹாஸ்கெல் கம்பைலர் ஜிஎச்சி, வேறுபாடில்லாத எழுத்தைச் சிறிய எழுத்தாகக் கொள்கிறது, எனவே டைப்புக்கும் கன்ஸ்ட்ரக்டருக்கும் தமிழ்ப் பெயர் வைக்க முடியாது.

ஏற்கும் மொழிகளிலும் கவனிக்க வேண்டியவை உண்டு.

"கொ" என்பதை இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ஒகரக் குறியாக ஒரே குறியீட்டெண், அல்லது கொம்பும் காலும் தனித்தனியாக இரண்டு. திரையில் வேறுபாடு தெரியாது. பைத்தானும் ரஸ்ட்டும் பெயர்களை இயல்பாக்கி ஒன்றாக்கிவிடும். ஜாவாஸ்கிரிப்ட்டும் ஜாவாவும் ஆக்காது. ஒரே "கொடி" இரண்டு மாறியாகிவிடும், நீங்கள் மதிப்பு வைத்தது ஒன்று, படிப்பது மற்றொன்று. பைத்தானிலும் மாட்யூல் கோப்பின் பெயர் பிரிந்த வடிவில் இருந்தால் லினக்ஸில் இம்போர்ட் கிடைக்காது. பெயரை இயல்பாக்கிவிட்டுத்தான் கோப்பைத் தேடுகிறது.

"ஸ்ரீ" இன்னும் மோசம். ஸகரத்தில் தொடங்கியும் எழுதலாம், 2005-இல் யூனிகோட் 4.1-இல் சேர்ந்த ஶகரத்தில் தொடங்கியும் எழுதலாம். எழுத்துரு இரண்டையும் ஒரே வடிவமாகக் காட்டக்கூடும். இயல்பாக்கம் இவற்றை ஒன்றாக்காது. "கௌ" என்பதும் "கெ"யும் ளகரமும் சேர்ந்த "கெள" என்பதும் அப்படியே. இந்த மூன்று எழுத்தையும் பெயரில் தவிர்ப்பது நல்லது. தமிழ் இலக்கங்கள் பெயருக்குள் செல்லும், ஆனால் வரி௧ வேறு, வரி1 வேறு.

பாணிக்கு வருவோம். தமிழில் சொல் பிரிக்க இருப்பது அடிக்கோடு மட்டும்தான்: பயனர்_பெயர், மொத்த_விலை. கிளாஸா, பங்ஷனா, மாறிலியா என்பதை எழுத்து வடிவம் காட்டாது, அதை ஒரு சொல்லால் காட்ட வேண்டும். பங்ஷனுக்கு ஏவல் வினை, அதாவது கணக்கிடு, சேமி, விலையைக்_காட்டு. மாறிக்குப் பெயர்ச்சொல். கிளாஸுக்கு _வகை என்ற பின்னொட்டு. மாறிலிக்கு நிலை_ என்ற முன்னொட்டு. நம் வினையும் பெயரும் வடிவிலேயே வேறுபடுவதால் இது இயல்பாகப் படிக்கவரும்.

சொந்தமாகப் பாணிச் சோதனை எழுதினால் ஒன்று. பைத்தானில் தமிழ்ப் பெயருக்கு இஸ்அப்பரும் பொய், இஸ்லோயரும் பொய். "மாறிலி என்றால் இஸ்அப்பர் மெய்யாக வேண்டும்" என்று எழுதினால் தமிழ்ப் பெயர் எப்போதும் தோற்கும். பெயரும் அதைப் பெரிதாக்கிய வடிவமும் சமமா என்று பாருங்கள், அப்போது தேறும். ரஸ்ட்டின் எச்சரிக்கைகள் சிறிய பெரிய வேறுபாடுள்ள எழுத்துகளையே பார்ப்பதால், தமிழ்ப் பெயர் டைப்பாக இருந்தாலும் மாறிலியாக இருந்தாலும் சும்மா விட்டுவிடும்.

#12 இளவேனில்

பெரிதாக்கிப் பார்ப்பது என்றதும் நினைவுக்கு வருகிறது: துருக்கிய மொழி அமைப்புள்ள கணினி. அங்கே பெரிய ஐ-யைச் சிறிதாக்கினால் புள்ளியில்லாத ஐ வரும். ஜாவாவில் லொகேல் (மொழி அமைப்பு) கொடுக்காமல் ^^ஐடி என்பதைச் சிறிதாக்கி மேப்பில் தேடினால், அந்தக் கணினியில் மட்டும் கிடைக்காது. பெயர் மாற்றும் எந்த நிரலிலும் லொகேல் ரூட் கொடுத்தே சிறிதாக்குங்கள்.

#13 நெய்தல்

மிக்க நன்றி, எல்லோருக்கும். குழுவுக்கு எழுதியிருக்கும் வரைவு இது. பார்த்துச் சொல்லுங்கள்.

டிபி: சிறிய எழுத்து, ஸ்னேக், மேற்கோள் எங்கும் கூடாது. கோ: கோ மரபு, சுருக்கங்கள் முழுக்கப் பெரியது, ஒவ்வொரு ஃபீல்டுக்கும் ஜேசன் டேக்கும் டிபி டேக்கும் கையால். ஜேசன்: கேமல், சுருக்கம் சாதாரணச் சொல்லாக, அதாவது யூசர்^ஐடி. ஜாவா: அனோட்டேஷன் கட்டாயம். ஹெடர், யூஆர்எல் பாதை: சிறிய எழுத்து, ஹைபன். கம்போனென்ட் கோப்பு: பாஸ்கல். மற்ற கோப்பு: கெபாப். ஏற்கெனவே டிபியில் உள்ள கேமல் காலங்களை இந்த வெளியீட்டிலேயே ஸ்னேக்காக மாற்றிவிடுகிறோம்.

#14 கல்தச்சன்

"மற்ற கோப்பு கெபாப்" என்பதில் கோவை விலக்குங்கள். கோ கோப்பின் பெயரில் அடிக்கோட்டுக்குப் பின் வரும் சொல்லுக்குப் பொருள் உண்டு. _டெஸ்ட் என்று முடிந்தால் சோதனைக் கோப்பு. _லினக்ஸ், _விண்டோஸ் என்று முடிந்தால் அந்த இயங்குதளத்தில் மட்டும் கம்பைல் ஆகும். ஏற்றுமதி_விண்டோஸ் என்று சாதாரணமாக வைத்த கோப்பு லினக்ஸ் பில்டில் காணாமல் போகும், "இப்படி ஒரு பங்ஷன் இல்லை" என்று மட்டும் பிழை வரும். பேக்கேஜ் பெயரோ ஒரே சொல், சிறிய எழுத்து, அடிக்கோடும் வேண்டாம்.

#15 மாமரம்

காலம் மாற்றுவதில் அவசரம் வேண்டாம், நெய்தல். ரீநேம் காலம் கட்டளை தரவை நகர்த்தாது, பெயர்ப் பதிவை மட்டும் மாற்றும், நொடியில் முடியும். ஆனால் டேபிளுக்கு முழுப் பூட்டு கேட்கும். நீண்ட வினவல் ஒன்று ஓடிக்கொண்டிருந்தால் அதன் பின்னால் காத்திருக்கும், அதற்குப் பின்னால் வரும் எல்லா வினவலும் வரிசையில் நிற்கும். லாக் டைம்அவுட்டை இரண்டு மூன்று நொடியாக வைத்து, தோற்றால் திரும்ப முயலுங்கள்.

வியூக்கள் (பெயரிட்டுச் சேமித்த வினவல்கள்) காலத்தை எண்ணால் நினைவில் வைத்திருப்பதால் தானே சரியாகிவிடும். போஸ்ட்கிரெஸுக்குள்ளேயே எழுதும் பிஎல் பிஜிஎஸ்கியூஎல் பங்ஷன்கள் ஆகாது. அவற்றின் உடல் வெறும் உரையாகத்தான் சேமிக்கப்பட்டிருக்கிறது, ஓடும்போதுதான் உடையும். டிரிக்கர் பங்ஷன் என்றால் அடுத்த இன்செர்ட்டே நிற்கும். மாற்றும் முன் பிஜி_ப்ராக் கேட்டலாக்கில் பழைய காலம் பெயரைத் தேடி, கிடைத்த பங்ஷன்களின் புதிய வடிவத்தையும் ரீநேமையும் ஒரே டிரான்சாக்ஷனில் வையுங்கள்.

பழைய கோ பைனரி ஓடிக்கொண்டிருக்கும்போதே பெயர் மாறினால் அதன் வினவல்கள் எல்லாம் தோற்கும். அதனால் டேபிளுக்கு வேறு பெயர் கொடுத்து, பழைய டேபிள் பெயரிலேயே பழைய காலம் பெயர்களுடன் ஒரு வியூ வையுங்கள். ஒரே டேபிள் மீதான எளிய வியூ என்பதால் இன்செர்ட்டும் அப்டேட்டும் அதன் வழியாகவே போகும். இன்செர்ட்டில் ஆன் கான்ஃப்ளிக்ட் பயன்படுத்தும் இடங்களை மட்டும் முன்கூட்டியே சோதித்துக்கொள்ளுங்கள். எல்லாச் சேவையும் புதிய பெயருக்கு வந்தபின் வியூவை நீக்கலாம்.